வீட்டுச் சோறும் கடைச் சோறும்: வெளியே உண்பது பற்றிய ஒரு நெடிய விவாதம்

வீட்டில் அடுப்பு இருக்கிறது, அரிசி இருக்கிறது, சமைக்கத் தெரிந்த கையும் இருக்கிறது. அப்படியிருந்தும் ஒரு குடும்பம் ஞாயிறு மாலை ஓட்டலுக்குப் போய்ச் சாப்பிடுவது ஏன்? தமிழ்நாட்டில் குறைந்தது நூறு ஆண்டுகளாக இந்தக் கேள்வி வெவ்வேறு வடிவில் கேட்கப்பட்டு வருகிறது. ஆசாரம் பார்த்தவர்கள் அதைத் தீட்டு என்ற கோணத்தில் கேட்டார்கள். சீர்திருத்தக்காரர்கள் சம உரிமை என்று கேட்டார்கள். மருத்துவர்கள் எண்ணெயையும் உப்பையும் சுட்டிக் கேட்டார்கள், சமூகவியலாளர்கள் அந்தஸ்தைச் சுட்டிக் கேட்டார்கள். சாப்பிடுகிறவருக்கு அதில் கிடைக்கும் எளிய மகிழ்ச்சி மட்டும் பெரும்பாலான பதில்களின் ஓரத்திலேயே நின்றுவிட்டது.

இந்தப் பதில்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கப் பெருநகரத்தைவிடக் கவரைப்பேட்டை போன்ற ஓர் ஊர் பொருத்தமான இடம். திருவள்ளூர் மாவட்டத்தில், பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே, சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையும் புறநகர் ரயில் பாதையும் தொட்டுச் செல்லும் ஊர் அது. மேற்கே சத்தியவேடு சாலையில் போனால் ஆந்திரம் வந்துவிடும். கிழக்கே பொன்னேரி வழியாகப் பழவேற்காடு ஏரிக்கும் அதன் இறாலுக்கும் நண்டுக்கும் போகலாம். வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு உருக்காலைகள், ஊருக்குள் பொறியியல் கல்லூரிகள். தலைமுறை தலைமுறையாக வீட்டில் சமைத்து உண்ணும் விவசாயக் குடும்பமும், விடுதி மாணவரும், இரவு ஷிப்ட் முடித்த ஒடிசா தொழிலாளியும், லாரி ஓட்டுநரும் ஒரே சாலையோரக் கடைக்கு வருகிறார்கள். அவர்கள் கேட்டு வாங்குவதும் ஒரே பரோட்டாதான். அது அவர்கள் எல்லாருக்கும் ஒரே பொருளாக இருக்கிறதா என்பதில்தான் மேற்சொன்ன பதில்களின் பலமும் பலவீனமும் தெரியவருகின்றன.

விலை சொல்லாத சோறு

மிகப் பழைய நிலைப்பாடு, வீட்டுக்கு வெளியே உண்பதை விருந்தாகவோ அறமாகவோ மட்டும் பார்த்தது. திருக்குறள் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்குகிறது. பெரும்பாணாற்றுப்படையில் காஞ்சியை நோக்கிப் போகும் பாணனுக்கு வழியில் எயினர், ஆயர், உழவர், வலைஞர் என ஒவ்வொரு குடியினரும் தங்கள் நிலத்து உணவைத் தருகிறார்கள். நிலத்துக்கு நிலம் உணவு மாறும் என்ற அறிவும், அதை அங்கேயே போய் உண்பதில் இருக்கும் சுவையும் அந்தப் பாட்டில் சேர்ந்தே வருகின்றன. மணிமேகலையின் அமுதசுரபி பசித்தவர் யாராயினும் அள்ளித் தருகிறது. பிற்காலத்தில் தஞ்சை மராட்டியர் சத்திரங்கள் வழிப்போக்கருக்கும் யாத்திரிகருக்கும் சோறிட்டன. வடலூரில் வள்ளலார் 1867இல் தொடங்கிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் எரிகிறது.

இந்த மரபின் பார்வையில் சோறு கொடுக்கத்தக்கது, விற்கத்தக்கதல்ல. ஓட்டல் பெருகிய பிறகும் பழைய தலைமுறையினர் சிலரிடம் "காசு கொடுத்துச் சோறு தின்பதா" என்ற கூச்சம் நீடித்ததற்கு வேர் இதில் இருக்கலாம்.

இந்த நிலைப்பாட்டில் இரண்டு இடைவெளிகள் உண்டு. விற்பனை உணவு பிற்காலத்தில் வந்த கெடுதல் என்ற எண்ணத்தைப் பழைய இலக்கியமே மறுக்கிறது. மதுரைக்காஞ்சி காட்டும் அங்காடியில் தின்பண்டங்கள் விற்கப்படுகின்றன, இரவிலும் கடைகள் நடக்கின்றன. இரண்டாவது இடைவெளி இன்னும் கடுமையானது. இலவசச் சோறு எல்லாருக்கும் ஒரே பந்தியில் கிடைக்கவில்லை. பல சத்திரங்களில் சாதிக்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது, சிலருக்கு வாசலே இல்லை. கொடுப்பவரின் பெருமையை முன்னிறுத்திய மரபு, பெறுபவர் எங்கே அமர்ந்தார் என்பதை அதிகம் பேசவில்லை.

யார் சமைத்தது, யாரோடு அமர்வது

20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தமிழ்நாட்டில் உணவு பற்றி எழுந்த மிகப் பெரிய சச்சரவுகள் ருசியைப் பற்றியவை அல்ல, பந்தியைப் பற்றியவை. வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர் இருவருக்குத் தனியே உணவு பரிமாறப்பட்டது. 1920களின் நடுவில் வெடித்த அந்த விவகாரம் காங்கிரசையே உலுக்கியது. ரயில் நிலைய உணவுச் சாலைகளில் பிராமணருக்கும் மற்றவருக்கும் தனித்தனி இடம் இருந்த ஏற்பாடு 1941இல்தான் நீக்கப்பட்டது. நாடு விடுதலை பெற்றுப் பத்தாண்டு கழித்தும் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவகம் தன் பெயர்ப் பலகையில் 'பிராமணாள்' என்ற சொல்லை வைத்திருந்தது. அதை அகற்றக் கோரி 1957இல் பெரியார் தொடங்கிய போராட்டத்தில் நூற்றுக்கணக்கான தொண்டர்கள் நாள்தோறும் அணிவகுத்துக் கைதானார்கள்.

இதற்குள் சட்டமும் வந்துவிட்டது. அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு கடைகளையும் பொது உணவகங்களையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, சாதி மதத்தின் பேரில் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. ஓர் அரசியல் சாசனத்தில் சாப்பாட்டுக் கடைக்கு இடம் கொடுக்க நேர்ந்தது என்பதே, அங்கே உட்காரும் உரிமை எத்தனை பெரிய விஷயமாக இருந்தது என்பதைக் காட்டும்.

இந்த வரலாற்றை எழுதியவர்கள் ஓட்டலை இரண்டு விதமாகப் படிக்கிறார்கள். ஒரு சாரார் அதைச் சமத்துவத்தின் பள்ளிக்கூடமாகக் காண்கிறார்கள்: காசு கொடுத்தவர் எவரும் உட்காரலாம், பக்கத்து நாற்காலியில் இருப்பவரின் குலம் தெரியாது, கேட்கவும் முடியாது. மறுசாரார், ஓட்டல் சாதியை ஒழிக்கவில்லை, அதைச் சரக்காக மாற்றியது என்கிறார்கள். உடுப்பி ஓட்டல்களின் வெற்றியை அவர்கள் சான்றாகக் காட்டுவார்கள். சமையற்கட்டு வேலையில் தொடங்கி, 1938இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸை நிறுவும் அளவுக்கு உயர்ந்த கே. கிருஷ்ண ராவ் போன்றவர்களின் உழைப்பு மறுக்க முடியாதது. ஆனால் அந்தக் காலத்து வாடிக்கையாளர் பலரை அங்கே இழுத்ததில் 'சமைத்தது யார்' என்ற நிம்மதிக்கும் பங்கு இருந்தது.

இதற்கு எதிர்ப்புறத்தில் மதுரை மாவட்டம் திருமங்கலம் அருகேயுள்ள வடக்கம்பட்டியிலிருந்து கிளம்பிய முனியாண்டி விலாஸ்கள் நிற்கின்றன. 1930களில் தொடங்கி, ஒரே ஊரின் உறவுக் கட்டிலும் ஒரே குலதெய்வத்தின் பெயரிலும் தமிழ்நாடெங்கும் பரவிய அசைவக் கடைகள் அவை. ஆண்டுதோறும் அந்த ஊர்க் கோயில் விழாவில் பிரியாணியே பிரசாதம். வெளிச் சாப்பாட்டு வரலாற்றைச் சைவ ஓட்டலின் வரலாறாக மட்டும் எழுதும் பழக்கத்துக்கு இது ஒன்றே போதிய மறுப்பு. இறைச்சி உண்ணும் பெரும்பான்மையினரின் இன்பத்துக்கு அச்சில் கிடைத்த இடம் மிகக் குறைவு.

சாதிவழி விளக்கம் இன்றும் தேவைப்படுகிறது. இரட்டைக் குவளை வைத்திருக்கும் டீக்கடைகள் பற்றிய செய்திகள் நின்றபாடில்லை. ஆனாலும் வெளியே உண்பதை யார் தடுத்தார், யார் அனுமதித்தார் என்பதை விளக்கும் அளவுக்கு, தடை இல்லாத இடத்திலும் மக்கள் ஏன் விரும்பிப் போகிறார்கள் என்பதை இது விளக்குவதில்லை.

உடம்புக்கு ஆகுமா

இன்று மிகுதியாகக் கேட்கப்படும் ஆட்சேபம் உடல்நலம் சார்ந்தது. இதற்கு வலுவான காரணம் இருக்கிறது. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.–இந்தியாப் (ICMR–INDIAB) ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. நாட்டின் சராசரி 11.4 விழுக்காடு. கடை உணவில் மைதா, எண்ணெய், உப்பு ஆகியவை கூடுதல் என்பது கண்ணுக்கே தெரிவது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய்க்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 முதல் வரம்பு வைத்திருக்கிறது: அதில் மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. நெடுஞ்சாலையோர பஜ்ஜிக் கடையில் அதை அளந்து பார்ப்பது யார் என்ற கேள்வி நியாயமானது.

இந்த வாதம் வீட்டை மாசற்ற இடமாக வைத்துக்கொள்ளும்போதுதான் வழுக்குகிறது. இந்தியரின் உணவில் சேரும் உப்பில் பெரும்பகுதி வீட்டு அடுப்பில் போடப்படுவதே என்று இதுவரை நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவை வீட்டின் சொத்துகள். பாமாயில் தமிழ்நாட்டு ரேஷன் கடைகள் வழியாகவே பெரும்பாலான வீடுகளுக்குப் போகிறது. வெள்ளையரிசிச் சோற்றை மலையாகக் குவித்து உண்பதும் வீட்டுப் பழக்கமே.

உடல்நலத்துக்கும் உணவகத்துக்கும் உள்ள உறவு எப்போதும் பகையாக இருந்ததில்லை என்பதையும் இங்கே சேர்க்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பாரிஸில் தோன்றிய முதல் உணவகங்கள் உடல் தேற்றும் இறைச்சிச் சாற்றை விற்கும் இடங்களாகவே தொடங்கின என்று வரலாற்றாசிரியர் ரெபெக்கா ஸ்பாங் காட்டியிருக்கிறார். தமிழ்நாட்டில் காய்ச்சல் கண்டவருக்கு ஓட்டல் இட்லியும் ஆட்டுக்கால் சூப்பும் வாங்கி வருவது அந்நியமான வழக்கமல்ல. கும்மிடிப்பூண்டி, பொன்னேரி வட்டாரத்தில் காலையில் கேழ்வரகுக் கூழும் மோர்மிளகாயும் விற்கும் வண்டிகள் கடை உணவுதான். அவற்றை எந்த ஊட்டச்சத்து நிபுணரும் குறை சொல்லமாட்டார். எனவே உண்மையான பிரிவினை வீட்டுக்கும் கடைக்கும் நடுவே இல்லை. எந்தப் பண்டம், எத்தனை முறை, எந்த எண்ணெயில் என்பதில் இருக்கிறது.

அந்தஸ்தின் உணவு

பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியு 1979இல் வெளியிட்ட நூலில், ருசி என்பது நாக்கின் இயல்பு மட்டுமல்ல, வர்க்கத்தின் பயிற்சி என்று வாதிட்டார். எதைச் சுவையானது என்கிறோமோ அதன்மூலம் நம்மை மற்றவரிடமிருந்து பிரித்துக்கொள்கிறோம் என்பது அவர் கருத்து. பத்தாண்டு கழித்து ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஜோன் ஃபிங்கல்ஸ்டைன் இன்னும் கடுமையாகச் சென்றார். உணவகத்தில் மனிதர் தாமாக இருப்பதில்லை, விளக்கும் அலங்காரமும் எழுதிக்கொடுத்த வேடத்தை நடிக்கிறார், தம் இன்பம் என்று அவர் நம்புவதும் விலைக்கு வாங்கியதே என்றார்.

தமிழ்ச் சூழலில் இதற்கு இணையான வேலையை ஆ. இரா. வேங்கடாசலபதி காப்பியைக் கொண்டு செய்தார். காப்பி எவ்வாறு நடுத்தர வர்க்கத்தின் நவீனத்துக்கும் மேன்மைக்கும் அடையாளமானது, டீ எவ்வாறு உழைப்பாளியின் பானமாகத் தள்ளி நிறுத்தப்பட்டது என்பதை அவருடைய 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' காட்டுகிறது. ஓட்டல் சாப்பாட்டின் பல படிநிலைகளுக்கும் இந்தப் பார்வை பொருந்தும். ஏ.சி. அறைக்குத் தனி விலை, சாலையோரக் கையேந்தி பவனுக்கு இன்னொரு விலை. இரண்டிலும் வேகும் தோசைகளுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லாமலும் போகலாம்.

ஆனால் இன்பத்தை முழுக்க வேடமாக்கிவிடுவது சாப்பிடுகிறவருக்குச் செய்யும் அநீதி. பிரிட்டனில் ஆலன் வார்டும் லிடியா மார்ட்டென்ஸும் லண்டன், பிரிஸ்டல், பிரஸ்டன் நகரங்களில் நடத்திய ஆய்வு 2000இல் நூலாக வந்தது. வெளியே உண்ட மிகப் பெரும்பாலோர் அதை மெய்யாகவே அனுபவித்ததாகச் சொன்னார்கள். உணவு மட்டுமல்ல, கூட வந்தவர்களின் பேச்சும், வழக்கம் மாறிய ஒரு மாலையும் அந்த மகிழ்ச்சிக்குள் இருந்தன. ஃபிங்கல்ஸ்டைனுக்கு இது போதிய பதில் ஆகுமா என்பது வாதத்துக்குரியது. மகிழ்ந்ததாகச் சொல்வதும் மகிழ்வதும் ஒன்றல்ல என்று அவர் தரப்பு சொல்லக்கூடும். ஆயினும் கவரைப்பேட்டைக் கடையொன்றில் எவர்சில்வர் தட்டில் வாழையிலை போட்டு இரண்டு பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் ஊறவைப்பவர் யாருக்காக நடிக்கிறார்? அந்தஸ்துக் கோட்பாடு விலையுயர்ந்த உணவகத்தில் தெளிவாக ஒலிக்கிறது. பெஞ்சுக் கடையில் அதற்குக் குரல் எழுவதில்லை.

அடுப்படியின் கணக்கு

வீட்டுச் சாப்பாட்டைப் புகழும் எழுத்துகளில் பெரும்பாலும் வராத ஒருவர் அதைச் சமைத்தவர். இந்தியாவின் 2019 கால அளவு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார்கள். அதில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். வீட்டுச் சோறு மலிவானது என்ற கணக்கில் இந்த நேரத்துக்கு விலை போடப்படுவதில்லை.

வீட்டுப் பந்தியும் சமமானதன்று. அர்ஜுன் அப்பாதுரை 1981இல் தமிழ்ப் பிராமணக் குடும்பங்களை வைத்து எழுதிய கட்டுரை, யாருக்கு முதலில், யாருக்கு எவ்வளவு, யார் கடைசியில் என்ற பரிமாறும் வரிசைக்குள் குடும்பத்தின் அதிகாரமே ஓடுவதைக் காட்டியது. சமைத்தவர் கடைசியில் ஆறிய குழம்போடு உட்காரும் வழக்கம் ஒரு சாதியோடு நின்றுவிட்டதும் அல்ல. ஓட்டலில் அந்த வரிசை குலைகிறது. குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் இலை விழுகிறது, அம்மாவுக்கும் சூடான தோசை வருகிறது. தனக்கு என்ன வேண்டும் என்று அவரிடம் ஒருவர் கேட்பது பல வாரங்களில் அந்த ஒரு முறையாகத்தான் இருக்கும். வெளியே உண்பதன் இன்பங்களில் இதைவிடப் பெரியது வேறு இருக்குமா என்று கேட்கத் தோன்றுகிறது. இருந்தும் இதைப் பற்றித்தான் குறைவாக எழுதப்பட்டிருக்கிறது.

இந்த விளக்கத்துக்கும் வரம்பு உண்டு. சிற்றூர்ச் சாலையோரக் கடை பெரும்பாலும் ஆண்களின் இடம். பெண்கள் தயங்காமல் உட்கார 'பேமிலி ரூம்' என்ற தடுப்பறை தேவைப்பட்டது. தனியாக வரும் பெண்ணுக்கு அந்த அறையும் பொருந்தவில்லை. கடைக்குள் இருந்த இந்தக் குறையைப் பார்சல் ஓரளவு தீர்த்தது. வாழையிலையிலும் செய்தித்தாளிலும் கட்டிய பொட்டலம் கடைச் சோற்றை வீட்டுக்கே கொண்டுவந்தது. 2020 ஊரடங்கில் கடைகள் பார்சல் மட்டுமே தந்த மாதங்களும், அதற்கு முன்பே பரவத் தொடங்கியிருந்த செல்போன் செயலிகளும் இந்தப் பழக்கத்தை உறுதியாக்கின. சமைக்கும் வேலை குறைந்தது. வெளியே போய் உட்காரும் உரிமை அதனால் கூடியதா என்பது வேறு கேள்வி.

வீட்டு அடுப்பில் வராதவை

கோட்பாடுகள் எளிதில் தாண்டிப்போகும் ஒரு விளக்கம் உணவுப் பிரியர்களுக்கு நன்றாகத் தெரியும்: சில பண்டங்கள் வீட்டில் அப்படி வருவதில்லை. இதில் பிரமை கொஞ்சம் இருக்கலாம், ஆனால் பெரும்பகுதி வெப்பமும் அளவும் சார்ந்த விஷயம்.

பரோட்டாவை எடுத்துக்கொள்ளலாம். மைதாவை நீர்விட்டு அடித்துப் பிசைந்து, எண்ணெய் தடவி ஊறவிட்டால் அதன் பசைப்புரதம் இளகி இழுபடும். அதன் பிறகுதான் மாஸ்டர் அதை மேசையில் வீசிக் காகிதம்போல் விரித்து, மடித்துச் சுருட்டுகிறார். அகன்ற கல்லில் இருபது முப்பது ஒன்றாக வேக, எடுத்த சூட்டோடு அடுக்கி இரு கையாலும் தட்டினால்தான் இதழ்கள் பிரியும். வீசத் தோதான மேசையும், நாளெல்லாம் அதே வேலை செய்து பழகிய தோளும் வீட்டில் இருக்காது. சால்னாவும் அப்படியே. பெரிய தேக்சாவில் எலும்பும் தேங்காயும் கசகசாவும் மணிக்கணக்கில் கொதித்துக் கிடைக்கும் நீர்த்த காரத்தை, நான்கு பேருக்கான குக்கரில் கொண்டுவருவது கடினம்.

தோசைக்கு அதன் கல்தான் காரணம். கடையின் தடித்த இரும்புக் கல் வெப்பத்தைத் தேக்கி வைத்திருக்கும். ஈர மாவு விழுந்தாலும் அதன் சூடு சட்டென்று இறங்காது. தண்ணீர் தெளித்துத் துடைப்பத்தால் பெருக்குவது அந்தச் சூட்டைச் சமப்படுத்தத்தான். வீட்டின் மெல்லிய தோசைக்கல்லில் மாவு விழுந்ததும் வெப்பம் இறங்கிவிட, முறுகலுக்கு முன்பே மாவு காய்ந்துபோகிறது. பிரியாணியில் அளவே சமையல்காரர். பெரிய அண்டாவில் சோறும் கறியும் தங்கள் ஆவியிலேயே வேகும், மூடி மேல் தணல் போட்டுத் தம் கட்டினால் ஈரம் வெளியேறாது. சிறு பாத்திரத்தில் மேற்பரப்பு விகிதம் கூடுதல், ஆவியும் சூடும் சீக்கிரம் போய்விடும். ஆம்பூரிலோ திண்டுக்கல்லிலோ உண்டவர் வீட்டில் அதே அரிசியையும் மசாலாவையும் கொண்டு முயன்றும் ஏமாறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

விற்பனை வேகமும் ருசியில் சேர்கிறது. மாலை நான்கு மணிக்குச் சட்டியிலிருந்து எடுத்த மெதுவடை பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும் கடையில் ஆறிய வடை என்பதே இல்லை. முழுச் சாப்பாட்டில் சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர், கூட்டு, பொரியல், அப்பளம் என்று வரிசையாக வருவதும் நூறு பேர் உண்பதால்தான். கவரைப்பேட்டை போன்ற எல்லையூர்களின் ஆந்திர மெஸ்ஸில் சோற்றுக்கு முன்னே பருப்புப் பொடியும் நெய்யும், கூடவே கோங்கூரா துவையலும் வருவது, தமிழ்க் குடும்பத்துக்கு அண்டை வீட்டு அடுப்படியை எட்டிப் பார்த்த மகிழ்ச்சியைத் தருகிறது.

எதிர்த்திசையிலும் இதே நியாயம் ஓடுகிறது. ஆய்ந்து எடுக்க நேரமாகும் முருங்கைக்கீரை, முள் மிகுந்த சிறு மீன்கள், மண்சட்டியில் இரவு முழுக்க ஊறி மறுநாள் கூடுதல் ருசி பெறும் மீன் குழம்பு ஆகியவை கடைக்குக் கட்டுப்படியாகாதவை. பழவேற்காட்டு நண்டை ஓடு உடைத்து உறிஞ்சி நிதானமாக உண்ண, அடுத்த ஆளுக்கு நாற்காலி தேவைப்படும் கடை தோதான இடமல்ல. நல்ல சமையல் தெரிந்த வீட்டிலிருந்து வருபவரே கடைச் சாப்பாட்டையும் கூர்ந்து ரசிக்கிறார் என்ற கருத்து இதனால் நம்பத்தக்கதாகிறது. எது எங்கே நன்றாக வரும் என்பது அவருக்குத் தெரியும்.

தொழில்நுட்ப விளக்கத்தின் குறை, அது சுவையை இடத்திலிருந்து பிரித்துவிடுவது. அதே பரோட்டா பார்சலாக வீடு வந்தால் இளகிவிடுவது உண்மைதான். இளகாமல் வந்தாலும் கொத்தும் கரண்டியின் ஓசையும் கல்லின் வெக்கையும் கூட வரப்போவதில்லை.

அடுப்பில்லாதவர்களின் சாப்பாடு

மேலே கண்ட எல்லா நிலைப்பாடுகளும் ஒன்றை உறுதியாக எடுத்துக்கொள்கின்றன: உண்பவருக்கு ஒரு வீடும் அதில் ஓர் அடுப்பும் இருக்கின்றன, அவர் அதை விட்டு வெளியே வருகிறார். தொழிற்பேட்டையில் அந்த அனுமானம் நிற்பதில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் மாநிலங்களிலிருந்து வந்தவர்களுக்கும், தென்மாவட்ட இளைஞர்களுக்கும், கல்லூரி விடுதி மாணவர்களுக்கும் கடைச் சோறே அன்றாடச் சோறு. அவர்களுக்கு வெளியே உண்பது ஒரு மாறுதல் அல்ல. பலருக்கு மாறுதல் என்பது அறையில் நான்கு பேர் சேர்ந்து ஞாயிறன்று சமைக்கும் கோழிக் குழம்பு.

சட்டம் இந்த உண்மையை நெடுநாள் முன்பே ஒப்புக்கொண்டது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேண்டீன் இருக்க வகை செய்தது. 2020இல் நிறைவேறிய தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை 100 ஆகக் குறைத்திருக்கிறது. அதற்கும் கீழே இருக்கும் சிறு பட்டறைகளின் தொழிலாளிக்குச் சாலையோரக் கடைதான் கேண்டீன். சென்னையில் 2013இல் ஒரு ரூபாய் இட்லியோடு தொடங்கிய அம்மா உணவகமும் இதே தேவையிலிருந்து பிறந்ததே. நகரத்தில் சமைக்க வழியில்லாதவரும் நேரமில்லாதவரும் எத்தனை பேர் என்பதை அங்கே நின்ற வரிசை காட்டியது.

தேர்ந்தெடுக்க முடியாத வெளிச் சாப்பாடு எவ்வளவு ஆபத்தாகலாம் என்பதற்கும் இந்த மாவட்டத்திலேயே சான்று உண்டு. 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் தங்கியிருந்த மின்னணு ஆலைப் பெண் தொழிலாளர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உணவு நஞ்சாகிப் பாதிக்கப்பட்டார்கள். அவர்களுடைய தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறித்தபோதுதான் அந்தச் சமையற்கூடத்தின் நிலை நாட்டுக்குத் தெரிந்தது. அங்கே உண்ட உணவும் வீட்டுக்கு வெளியே உண்ட உணவே. அதை ஞாயிற்றுக்கிழமை ஓட்டல் பயணத்தோடு ஒரே தலைப்பில் சேர்த்துப் பேசுவது சரியாகாது.

வெளியே உண்பதன் இன்பத்தை உண்டாக்குவது சமைத்தவரின் திறமை மட்டுமல்ல, வேண்டாம் என்று சொல்லி வீட்டுக்குத் திரும்ப முடிகிற நிலையும்தான் என்ற முடிவை நோக்கி இவையெல்லாம் கொண்டுசெல்கின்றன. அதற்காக மெஸ்ஸில் உண்பவருக்கு இன்பமே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. இரவு ஷிப்ட் முடிந்து விடியலில் குடிக்கும் டீயும், மாதச் சம்பளத்தன்று நண்பர்களோடு வாங்கும் பிரியாணியும் எந்தக் குடும்ப விருந்துக்கும் குறைந்தவை அல்ல. பழக்கமான மெஸ்ஸில் அக்கா கேட்காமலே ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றும் குழம்பில், விலைக்கு வாங்கிய சோறும் பழைய விருந்தோம்பலும் ஒன்றாகிவிடுவதும் உண்டு.

எல்லை நகர்கிறது

வீடு, கடை என்ற பிரிவே இப்போது மங்கி வருகிறது. வீட்டு இட்லி என்று உண்பது பெரும்பாலும் தெருமுனையில் பாக்கெட்டில் வாங்கிய மாவு. குழம்பின் மசாலா ஈரோட்டிலோ சென்னையிலோ அரைத்துப் பொட்டலமிட்டது. சென்னைப் புகாரி ஓட்டலில் 1960களில் பிறந்ததாகச் சொல்லப்படும் சிக்கன் 65 இன்று வீட்டுப் பிறந்தநாள் பண்டம். மறுபுறம் கம்பங்கூழும் பழைய சோறும் நட்சத்திர விடுதிகளின் பட்டியலில் ஏறிவிட்டன. எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் 'சமைத்துப் பார்' நூலை வெளியிட்டபோது வீட்டுச் சமையல் ஏட்டில் ஏறியது. இன்று அதே வேலையைச் செல்போன் காணொளி செய்கிறது, அதில் கற்கப்படுபவற்றில் ஓட்டல் பண்டங்களும் உண்டு.

இன்னும் முடிவாகாதவை

ஒப்புக்கொள்ளத்தக்கவை சில. சாதிவழி விளக்கம் தமிழ்நாட்டு உணவகத்தின் வரலாற்றுக்கு இன்றியமையாதது, ஆனால் இன்றைய ஈர்ப்பை அது தனியே விளக்காது. உடல்நல எச்சரிக்கை பண்டத்தைச் சார்ந்து சரியானது, இடத்தைச் சார்ந்து பாதி சரியானது. அந்தஸ்துக் கோட்பாடு மேல்தட்டு உணவகத்தில் வலுவாக நிற்கிறது. பெண்ணின் உழைப்பைக் கணக்கில் எடுக்கும் பார்வையும், வெப்பத்தையும் அளவையும் எடுத்துக்காட்டும் பார்வையும் சிற்றூர் அனுபவத்துக்கு மற்றவற்றைவிட நெருக்கமாக வருகின்றன. இரண்டும் இதுவரை பெற்ற கவனம் போதாது.

திறந்திருப்பவை இன்னும் பல. 2022–23 வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வில், உணவுச் செலவுகளுக்குள் பானங்கள், சிற்றுண்டி, பதப்படுத்திய உணவு ஆகியவை சேர்ந்த பிரிவே நாட்டின் கிராமங்களிலும் நகரங்களிலும் முதலிடத்தில் வந்தது: கிராமங்களில் மொத்தச் செலவில் 9.62 விழுக்காடு, நகரங்களில் 10.64. அந்தப் பிரிவில் பிஸ்கட்டும் ஓட்டல் சாப்பாடும் கேண்டீன் சோறும் சேர்ந்தே அடங்குகின்றன. விருப்பத்தால் உண்டதையும் வழியின்றி உண்டதையும் பிரிக்கும் கேள்வி அதில் இல்லை. அதைப் பிரித்துக் கேட்காதவரை, செலவு கூடியது வசதி வளர்ந்ததைக் காட்டுகிறதா, நேரம் குறைந்ததைக் காட்டுகிறதா என்பதைத் தீர்மானிக்க முடியாது. சமையலை ஆண்கள் பகிர்ந்துகொண்ட வீடுகளில் ஓட்டல் பயணம் குறையுமா, அல்லது களைப்பு போய் ஆசை மட்டும் மிஞ்சி இன்னும் கூடுமா என்பதும் ஆராயத்தக்கது. ஷிப்ட் வேலைக்கு வந்த இளைஞர் குடும்பத்தோடு இதே வட்டாரத்தில் குடியேறும்போது, பல ஆண்டுகள் மெஸ்ஸில் பழகிய நாக்கு எந்தப் பக்கம் சாயும் என்பதைக் கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி போன்ற ஊர்களில் அடுத்த இருபது ஆண்டுகளில் நேரில் காண முடியும்.